உப்புக் காற்றும் பழைய பிக்கப் வண்டியும்

மன்னார்த் தீவிலும் அதனை அடுத்த கரையோரத்திலும் வாழும் மக்களுக்குப் பிக்கப் வண்டி என்பது ஓர் ஆடம்பரப் பொருள் அன்று. பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் வங்காலையிலும் கரைசேரும் மீன், ஐஸ் இட்ட பெட்டிகளில் அடைபட்டு, மதவாச்சி வழியாகப் பேலியகொடை மீன் சந்தையை நோக்கிச் செல்கின்றது. பெருஞ் சம்மாட்டிமாரின் மீன் கூலர் லொறிகளில் ஏறிவிடும். ஆனால் கரையிலிருந்து அந்த லொறி நிற்குமிடம் வரை மீனைக் கொண்டுபோவதும், சிறு வியாபாரி தன் இரண்டு மூன்று பெட்டிகளுடன் வவுனியாவுக்கோ அனுராதபுரத்துக்கோ விரைவதும் பிக்கப் வண்டியாலேயே நடைபெறுகின்றன. நானாட்டான், முருங்கன் பகுதிகளில் அதே வண்டி நெல்மூட்டை சுமக்கும். உர மூட்டை ஏற்றும். மடுத் திருவிழாவுக்கும் திருக்கேதீச்சரச் சிவராத்திரிக்கும் குடும்பத்தையும் ஏற்றிச் செல்லும். கடலிலே வள்ளம் எத்தகையதோ, கரையிலே பிக்கப் வண்டி அத்தகையது.

இவ்வளவு இன்றியமையாத ஒன்றைப் புதிதாக வாங்கும் வசதி மிகச் சிலருக்கே உண்டு. ஏனையோர் பிறர் ஓட்டிய பழைய வண்டியையே நாடுகின்றனர். அவ்வாறு வாங்குவோர் பெரும்பாலும் வள்ளத்தை விற்றோ, நகையை ஈடுவைத்தோ, நிதிக் கம்பனியிடம் தவணைக் கடன் பெற்றோதான் பணம் திரட்டுகின்றனர். வண்டி நடுவழியிற் படுத்துவிட்டால் ஐஸ் உருகும். ஐஸ் உருகினால் மீன் கெடும். மீன் கெட்டால் அன்றைய வருவாய் மட்டுமன்றி அடுத்த நாள் மீன் எடுப்பதற்கான முதலும் போய்விடும். ஆகையால் பழைய வண்டி ஒன்றைத் தெரிவு செய்யும்போது எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதை அறிந்திருத்தல் அவசியமாகும்.

இங்கே வழங்கும் வண்டிகளை மக்கள் மூன்று பெயர்களால் பிரித்து அறிகின்றனர். முதலாவது, "பட்டா" எனப்படும் சிறு வண்டி. இந்தியாவிலே 2005ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனம் வெளியிட்ட ஏஸ் என்னும் வண்டியே இலங்கையில் இப்பெயர் பெற்றது. இன்று அதையொத்த பிற சிறு வண்டிகளையும் அப்பெயராலேயே அழைக்கின்றனர். தொடக்கத்தில் அதற்கு இரண்டு சிலிண்டருள்ள சிறிய டீசல் என்ஜினே பொருத்தப்பட்டிருந்தது. முக்கால் தொன் பாரத்துக்கென அது அமைக்கப்பட்டது. இரண்டாவது, "கப்" எனப்படும் ஹைலக்ஸ், எல்200 போன்ற யப்பானியப் பிக்கப் வண்டிகள். மூன்றாவது, இவற்றிலும் பெரியதாகிய "கன்டர்" வகை. கடைசியிற் கூறியது லொறி இனத்தைச் சேர்ந்ததாதலின் முதலிரண்டைப் பற்றியே இங்கு விரிவாகக் கூறப்படும்.

சந்தையில் இன்று கிடைக்கும் வண்டிகளின் தன்மையை விளங்கிக்கொள்வதற்கு அண்மைக்கால வரலாறு சிறிது தெரிந்திருக்க வேண்டும். அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாக 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலங்கை அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கான வாயில் 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில் நாட்டிலே இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி ஓடின. வாங்கிய விலையிலும் கூடிய விலைக்குப் பழைய வண்டியை விற்றவர்கள் பலர். விலை ஏறியதை எல்லோரும் அறிவர். அதனால் நேர்ந்த வேறொரு விளைவைப் பலர் கவனிப்பதில்லை. வழக்கமான காலத்திலாயின் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்க வேண்டிய வண்டிகள், அந்த ஆண்டுகளில் தகடு ஒட்டப்பட்டும் வெல்டிங் செய்யப்பட்டும் வண்ணம் பூசப்பட்டும் மறுபிறவி எடுத்தன. இன்று விற்பனைக்கு நிற்கும் பழைய பிக்கப் வண்டிகளுள் அத்தகையன எத்தனை என்பதை வெளித்தோற்றம் கூறாது.

இனி, மன்னாருக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். இம்மாவட்டம் மழை குறைந்த வறண்ட பிரதேசத்தைச் சேர்ந்தது. ஆகவே இங்கு வாகனங்கள் எளிதிற் கறள் பிடிக்கா என்று வெளியூரவர் எண்ணுவதுண்டு. இது பெருந்தவறு. இரும்பு கறளாவதற்கு மழை வேண்டியதில்லை. ஈரமும் காற்றிலுள்ள ஒட்சிசனும் இருந்தாற் போதும். அவற்றுடன் உப்புச் சேர்ந்துவிட்டால் அச்செயல் பலமடங்கு விரைவாகின்றது. உப்பு கரைந்த நீர் மின்னோட்டத்தை நன்கு கடத்தும். கறள் பிடித்தலோ ஒரு வகையில் மிகச் சிறிய மின்கலங்கள் ஆயிரக்கணக்கில் இரும்பின் மேற்பரப்பிலே வேலை செய்வதற்கு ஒப்பானது. இரும்பின் மேற்பரப்பிலே பாதுகாப்பாகப் படியக்கூடிய மெல்லிய படலத்தையும் உப்பிலுள்ள குளோரைட்டுச் சிதைத்துவிடுகின்றது.

இதனினும் முக்கியமானது, உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் என்பதாகும். அடுக்களையிலே உப்புச் சாடி நீர்விடுவதை அறியாத இல்லத்தரசி இல்லை. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு ஏறத்தாழ 75 என்ற அளவைக் கடக்கும்போது சமையலுப்புக் கசிந்து நீராகின்றது. கடலுப்பில் மக்னீசியம் குளோரைட்டும் கலந்திருப்பதால் அது அதனினும் வறண்ட காற்றிலேயே ஈரத்தைப் பற்றிக்கொள்ளும். இதனாலேதான் கரையோரத்தில் நிற்கும் வண்டியின் அடிப்பகுதி, ஒரு துளி மழையும் பெய்யாத ஆடி மாதத்திலும், இரவு முழுவதும் மெல்லிய உப்புநீர்ப் படலம் போர்த்திருக்கின்றது. பகலில் உலர்ந்தாற்போலத் தோன்றும். இரவில் மீண்டும் நனையும்.

காற்றுக்கோ இங்கே பஞ்சமில்லை. தீவின் தென்கரையிலே 2020ஆம் ஆண்டின் இறுதியில் திறக்கப்பட்ட தம்பபவனி நிலையத்தில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாற் மின்வலு எனக் கணக்கிட்டு நிறுவியதே இக்காற்றின் வலிமையை நம்பித்தான். சோழகம் வீசும் மாதங்களில் தென்கரை முழுவதும் கடல்துமி உள்நாடு நோக்கிப் பறக்கும். வாடைக்காலத்தில் வடகரைக்கு அந்நிலை. மின்சாரம் தரும் காற்று வண்டியை அரிக்கவும் செய்கின்றது.

எனினும், காற்றிலே வரும் உப்பைவிட வண்டியின் மேலிருந்தே இறங்கும் உப்பு கொடியது. மீன் பெட்டியிலிருந்து வடியும் நீரைக் கவனித்தவர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வர். ஐஸ் உருகிய நீருடன் மீனிலிருந்து வரும் உப்பும் குருதியும் செதிலும் கலந்து, ரெஜிபோம் பெட்டியின் மூலையால் ஒழுகி, பின்பெட்டியின் தகட்டு இணைப்புகளுக்குள் இறங்கி, அங்கிருந்து அடிச்சட்டத்தின் மேல் சொட்டுகின்றது. அடிச்சட்டம் என்பது வண்டியின் முதுகெலும்பு. செசி என்று மெக்கானிக்மார் வழங்குவது அதனையே. என்ஜின், சில்லுகள், சாரதியின் கூடு, பாரம் ஏற்றும் பெட்டி ஆகிய யாவும் அதன்மேலேயே தங்கியுள்ளன. வாரத்தில் ஆறு நாள் மீன் ஏற்றிய வண்டியின் செசி, அதே வயதுடைய நெல் ஏற்றிய வண்டியின் செசியிலும் பன்மடங்கு நலிந்திருக்கும். ஆகையால் வாங்குவோர் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, வண்டி எத்தனை மைல் ஓடியது என்பதன்று. அது என்ன சுமந்தது, இரவில் எங்கே தரித்து நின்றது என்பதே. விற்பவர் மறைத்தாலும் பின்பெட்டியின் பலகை இடுக்குகளில் ஒட்டிய செதிலும், வெயிலில் எழும் மணமும் மறைக்கமாட்டா.

வண்டியைப் பார்க்கச் செல்பவர் பழந்துணி ஒன்றையும், டார்ச் விளக்கையும், சிறு சுத்தியலையும், ஸ்குரூ டிறைவர் ஒன்றையும் எடுத்துச் செல்லட்டும். தரையிற் படுத்து வண்டிக்குக் கீழே நுழைய மனமில்லாதவர் பழைய வண்டி வாங்காமலிருப்பதே நன்று. செசியின் இரு நீளச் சட்டங்களையும் சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே முன்னிருந்து பின்னோக்கிச் செல்ல வேண்டும். நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். உள்ளே உக்கிய இரும்பு, உடைந்த சட்டி போல மந்தமாக ஒலிக்கும். பின்சில்லுகளுக்கு மேலே செசி வளைந்தேறும் இடம், வில்தகடுகள் கொளுவப்பட்டிருக்கும் இடம், குறுக்குச் சட்டங்கள் இணையும் மூட்டுகள், சாரதியின் கூட்டைத் தாங்கும் றப்பர் இருக்கைகள் ஆகியன ஈரம் தங்கும் இடங்கள். கறள் முதலில் குடியேறுவதும் அங்கேதான். இரண்டு தகடுகள் ஒன்றன்மேலொன்று படிந்திருக்கும் இடத்தில் அவை வீங்கிப் பிரிந்திருந்தால், உள்ளே கறள் வளர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். கறள் தான் பிறந்த இரும்பைவிட அதிக இடத்தைக் கொள்வதாதலின் தகட்டை நெம்பிப் பிரித்துவிடும். ஸ்குரூ டிறைவரின் நுனியால் அழுத்தும்போது உள்ளே புகுமாயின் அந்த வண்டியைப் பற்றி மேலும் ஆராய்வது காலவிரயமாகும்.

அடிப்பகுதி முழுவதும் புதிய தார் போன்ற கரும்பூச்சுப் பூசப்பட்டிருந்தால் மகிழ வேண்டியதில்லை. பூச்சு நல்லதே, ஆனால் சுத்தம் செய்யாது கறளின்மேல் பூசிய பூச்சு, ஈரத்தை உள்ளே அடைத்துவைத்து நோயை வளர்க்கின்றது. விற்பனைக்கு முதல்வாரம் பூசப்பட்டதாயின் அது பாதுகாப்புக்காக அன்று, மறைப்புக்காகவே என ஐயுறலாம். அவ்வாறே, கதவின் கீழ்விளிம்பிலும் சில்லுக்கு மேலுள்ள வளைவிலும் ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பார்க்க வேண்டும். இரும்பில் காந்தம் ஒட்டும். இரும்பு போன இடத்தை நிரப்பிய பட்டியில் ஒட்டாது. காந்தத்தைத் துணியிற் சுற்றிக்கொண்டால் வண்ணம் கீறுபடாது. விற்பவருக்கும் கோபம் வராது.

முன்பகுதியைப் பார்க்கும்போது மன்னாரின் கழுதைகளை நினைவிற் கொள்ளல் தகும். இரவிலே தெருவின் நடுவில் அசையாது நிற்கும் கழுதையும் மாடும் இங்கு எத்தனையோ வண்டிகளின் முகத்தை மாற்றியிருக்கின்றன. இரு முன்விளக்குகளும் ஒரே பழைமை உடையனவா, பொனற்றின் இடைவெளி இருபுறமும் சமமாக உள்ளதா, றேடியேற்றரைத் தாங்கும் சட்டம் நேராக உள்ளதா என்று நோக்கினால் பழைய மோதல் புலப்படும்.

என்ஜினைப் பொறுத்தவரை, அது குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். வாங்குபவர் வருமுன்னரே ஓட்டிச் சூடேற்றி வைத்திருப்பது விற்பவர்களிடையே பழைய தந்திரம். பொனற்றைத் திறந்து கையை வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். சூடாயிருந்தால், "நாளைக் காலை வருகிறேன்" என்று கூறித் திரும்புவதில் இழப்பொன்றும் இல்லை. குளிர்ந்த டீசல் என்ஜின் தொடக்கத்திற் சற்றே வெண்புகை கக்குவது இயல்பு. சில நிமிடங்களுக்குப் பின்னும் வெண்புகை நீங்காதிருப்பது, எரிபொருள் முற்றாக எரியவில்லை அல்லது குளிரூட்டும் நீர் உள்ளே கசிகின்றது என்பதற்கு அறிகுறி. நீலப் புகை வருமாயின் என்ஜின் தன் எண்ணெயையே எரிக்கின்றது. கரும்புகை, அளவுக்கு மீறிய எரிபொருளையோ அடைபட்ட காற்று வடிகட்டியையோ காட்டும். மூன்றினுள் இதுவே செலவு குறைந்த நோயாக அமையக்கூடும். என்ஜின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைக் கழற்றினால் அங்கிருந்து புகை பலமாகப் பீறிடக்கூடாது. எண்ணெய் அளவுக்கோலில் பால்கலந்த தேநீர் நிறம் தென்பட்டால் நீரும் எண்ணெயும் கலந்துவிட்டன.

எரிபொருளைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் வடபகுதியிலே பழைய ஆங்கிலக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதைப் பலர் இன்றும் பெருமையுடன் கூறுவர். அவை எளிய அமைப்புடைய பெற்றோல் என்ஜின்கள், ஆதலின் தாங்கின. இக்கால டீசல் வண்டியின் நிலை வேறு. அதன் எரிபொருட் பம்பிக்கு வழுவழுப்பைத் தருவது டீசலேயன்றிப் பிறிதொன்றன்று. மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்புக் குறைவு. வள்ளத்துக்கு வாங்கிய மண்ணெண்ணெயை வண்டியிலும் கலந்து ஓட்டியவரின் பிக்கப், விற்பனை நாளில் நன்றாகவே ஓடும். பம்பியும் தெளிப்பானும் தேய்ந்த செய்தி வாங்கியவருக்குப் பின்னரே தெரியவரும். எரிபொருட் தாங்கியின் மூடியைத் திறந்து மணந்து பார்ப்பது எளிய சோதனை. 2022ஆம் ஆண்டின் எரிபொருட் பஞ்சத்தின்போதும் அதன்பின் 2023 செப்டெம்பர் வரை நீடித்த கியூஆர் பங்கீட்டின்போதும் மாதக்கணக்கில் ஓடாது கடற்கரையிலே நின்ற வண்டிகளும் உண்டு. ஓடாத வண்டி தேயாது என்பது பாதி உண்மையே. உப்புக்காற்றிலே அசையாது நிற்கும் வண்டியின் பிரேக் இறுகிப்போகும், மின்கம்பிகளின் முனைகள் பச்சை பூத்துவிடும்.

மணலிலே ஓடும் வண்டிக்குக் கிளச்சே முதலிற் களைக்கின்றது. வாடி வரை இறங்கி மீன் ஏற்றி, புதைமணலில் உறுமி உறுமி மேலேறும் வண்டியில் கிளச்சுத் தகடு விரைவிலே தேயும். இதனை அறிவதற்குச் சமதரையில் கைப்பிரேக்கை நன்கு இழுத்து, மூன்றாம் கியரில் இட்டு, கிளச்சை மெதுவாக விட வேண்டும். நல்ல கிளச்சாயின் என்ஜின் உடனே நின்றுவிடும். நில்லாது தொடர்ந்து சுழலுமாயின் கிளச்சு வழுக்குகின்றது. நான்கு சில்லும் இயங்கும் வகையாயின், அந்த அமைப்பு உண்மையிலே வேலை செய்கின்றதா என மணலிலேயே இறக்கிப் பார்க்க வேண்டும். தெருவிலே மட்டும் பார்த்துவிட்டு, நெம்புகோல் இருப்பதைக் கொண்டு நம்பியவர் பின்னர் வள்ளத்துக் கயிற்றால் வண்டியை இழுக்க நேர்ந்ததுண்டு.

கடற்கரையார்க்கு வேறு ஊரவர்க்கு இல்லாத ஒரு நல்வாய்ப்பும் இருக்கின்றது. செசி வளைந்திருக்கின்றதா என்று காண நகரத்திலே கருவி தேவை. இங்கோ அலை வடிந்த ஈரமணலே கருவி. வண்டியை அதன்மேல் ஐம்பது அடி தூரம் நேராக ஓட்டிவிட்டு, இறங்கித் தடத்தைப் பார்க்க வேண்டும். பின்சில்லுத் தடம் முன்சில்லுத் தடத்தின்மேல் விழுந்திருக்க வேண்டும். சில வண்டிகளில் இரு அச்சுகளின் அகலமும் வேறுபடுமாதலின் தடங்கள் விலகியிருக்கலாம், ஆனால் அவ்விலகல் இடமும் வலமும் ஒரே அளவினதாக இருத்தல் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விலகியிருந்தால் வண்டி நண்டுபோல் நடக்கின்றது எனலாம். பெருவிபத்திலோ மிகைப்பாரத்திலோ அதன் முதுகெலும்பு கோணியிருக்கின்றது. சோதனை முடிந்ததும் அடிப்பகுதியை நன்னீரால் கழுவிக் கொடுப்பது முறை.

மிகைப்பாரம் என்பது இங்கு சாதாரண வழக்கமாகிவிட்டது. முக்கால் தொன்னுக்கென அமைந்த வண்டியில் ஒன்றரைத் தொன் ஏற்றுவதைச் சிலர் சாமர்த்தியமாகக் கருதுகின்றனர். பின்புற வில்தகடுகளை எண்ணிப் பார்த்தால், மேலதிகமாகச் செருகிய தகடு தெரியும். அது தானாகக் குற்றமன்று. ஆனால் அந்த வண்டி எப்படி உழைத்தது என்பதற்குச் சாட்சி. பாரம் கூடக் கூட முதலிற் பலியாவது பிரேக். பிரேக் எண்ணெயைக் கொண்டுசெல்லும் இரும்புக் குழாய்கள் செசியை ஒட்டியே செல்கின்றன; மீன்நீர் சொட்டுவதும் அவற்றின்மேலேதான். என்ஜினை ஓடவிட்டு, பிரேக் மிதியைப் பலமாக அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே பிடித்திருக்க வேண்டும். மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்குமாயின் எங்கோ கசிவு உள்ளது. கறள் அரித்த குழாய் சாதாரண அழுத்தத்தைத் தாங்கும். மாடு குறுக்கே பாய்ந்து சாரதி முழுப்பலத்துடன் மிதிக்கும் அந்த ஒரு கணத்திலேதான் வெடிக்கும். 2010ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட புதிய பாலத்திலும் தாம்போதியிலும் இருபுறமும் நீர். அங்கே பிரேக் அற்ற வண்டிக்கு ஒதுங்க இடமில்லை. விலையைக் குறைத்துப் பேசுவதற்குப் பல குறைகளைப் பயன்படுத்தலாம். பிரேக்கின் குறையை அவ்வாறு பேரம் பேசும் பொருளாகக் கொள்ளுதல் ஆகாது. பழுது தீர்த்த பின்னரே வண்டியைத் தெருவுக்கு எடுக்க வேண்டும்.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் நாட்டின் பல மாவட்டங்களை வெள்ளத்தில் ஆழ்த்திய டிட்வா புயலுக்குப் பின்னர், நீரில் அமிழ்ந்த வண்டிகள் பற்றிய எச்சரிக்கையும் வேண்டியதாயிற்று. அமிழ்ந்த வண்டியை உலர்த்தி, இருக்கை உறைகளை மாற்றி, வேறு மாவட்டத்துக்குக் கொண்டுசென்று விற்றல் எளிது. ஆசனப் பட்டியை அதன் சுருளிலிருந்து இறுதிவரை இழுத்துப் பார்த்தால் உள்ளே சேற்றுக்கோடு தெரியக்கூடும். இருக்கைகளின் கீழுள்ள இரும்புத் தண்டவாளங்களிற் கறளும், கால்விரிப்பின் அடியில் நுண்மணலும், முன்விளக்கினுள் மூட்டமும் காணப்பட்டால் வேறு விளக்கம் தேடவேண்டியதில்லை.

இவ்வளவும் பார்த்து வண்டி நன்றென முடிவுசெய்தாலும் பாதி வேலையே முடிந்தது. மற்றப் பாதி காகிதத்தில் இருக்கின்றது. வடபகுதியிலே பழைய வண்டி வாங்கி நட்டப்பட்டவர்களுள், என்ஜினால் நட்டப்பட்டவர்களைப் போலவே ஆவணத்தால் நட்டப்பட்டவர்களும் உளர். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வண்டி கைமாறியதும் 14 நாட்களுக்குள் விற்றவர் அதனை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். வாங்கியவரும் தம் பெயரிற் பதிவு செய்ய விண்ணப்பிக்க வேண்டும். நடைமுறையிலோ "திறந்த கடதாசி" என்ற வழக்கம் பரவியுள்ளது. உரிமை மாற்றப் படிவங்களில் முன்னைய உரிமையாளர் கையொப்பம் மட்டும் இட்டு, வாங்குபவரின் பெயரை நிரப்பாமல் விட்டுவிடுவர். அந்தக் கடதாசியுடன் வண்டி மூன்று கை, நான்கு கை மாறும். பதிவுக் கட்டணத்தை மிச்சப்படுத்தவே இந்த ஏற்பாடு. கையொப்பமிட்டவர் இதற்கிடையில் கனடாவுக்குப் போய்விடலாம், இறந்தும் போகலாம். அப்போது வண்டி ஒருவர் முற்றத்தில் நிற்கும், சட்டப்படி வேறொருவருடையதாயிருக்கும். அவ்வண்டியால் ஒரு விபத்து நேர்ந்தால் பொலிஸார் தேடிச் செல்வது பதிவிலுள்ள பெயரையே. ஆதலால் விற்றவருக்கும் இது தீங்கு, வாங்கியவருக்கும் தீங்கு.

பதிவுப் புத்தகத்தில் உரிமையாளரின் பெயருடன் "முழு உரிமையாளர்" என்ற பகுதியில் நிதிக் கம்பனி ஒன்றின் பெயர் இருக்கின்றதா என்று பார்ப்பது தலையாய கடமை. இருந்தால் தவணைக் கடன் இன்னும் தீரவில்லை, அல்லது தீர்ந்தும் அப்பெயர் நீக்கப்படவில்லை என்பது பொருள். கம்பனியின் விடுவிப்புக் கடிதம் கைக்கு வராமல் முழுப்பணத்தையும் விற்பவரிடம் கொடுத்தவர், சில மாதங்களின் பின் கம்பனியின் ஆட்கள் வந்து வண்டியை எடுத்துச் செல்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரிடும். செசியிற் பொறித்த இலக்கத்தையும் என்ஜின் இலக்கத்தையும் புத்தகத்துடன் எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். பொறித்த இடத்தைச் சுற்றி அரம் பட்ட அடையாளமோ புதிய வெல்டிங்கோ காணப்பட்டால் அந்த வண்டியை விட்டு விலகுதல் நலம். என்ஜின் மாற்றப்பட்டிருக்கலாம், அது குற்றமன்று, ஆனால் மாற்றம் புத்தகத்திற் பதியப்பட்டிருத்தல் வேண்டும். நடப்பு ஆண்டின் வருமான அனுமதிப்பத்திரமும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் உள்ளனவா எனவும் பார்க்க வேண்டும். அனுமதிப்பத்திரம் பல ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாதிருந்தால் அதற்கான தண்டமும் வாங்கியவர் தலையிலேயே விழும்.

இக்கரைக்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்தியாவிலிருந்து கடல்வழியாகப் பீடி இலை, மஞ்சள் முதலியன கடத்தி வரப்பட்டுப் பிடிபடும் செய்திகள் மன்னாரில் அரியன அல்ல. அவற்றை ஏற்றிய வாகனமும் கைப்பற்றப்படுகின்றது. வழக்கு முடியுமுன் பிணைமுறியின்பேரில் உரிமையாளரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்ட வண்டியை, அறியாத ஒருவருக்கு மலிவாகத் தள்ளிவிட முயல்வோரும் இருக்கலாம். விலை சந்தை நிலவரத்திலும் மிகக் குறைந்திருக்கும்போது, ஊரிலே நாலுபேரிடம் விசாரிப்பது எந்தப் பரிசோதனைக் கருவியிலும் சிறந்தது. மன்னார் சிறிய இடம். ஒரு வண்டியின் சரித்திரத்தை அறிந்தவர் தேநீர்க் கடையிலேயே இருப்பார்.

தவணைக் கடனில் வாங்க எண்ணுவோர் மேலும் ஒன்றைக் கணக்கிட வேண்டும். சோழகத்தில் ஒரு கரை, வாடையில் மறுகரை என்று தொழில் மாறும் தீவு இது. இடையிலே மீன் குறையும் வாரங்களும், கடல் கொந்தளித்து எவரும் இறங்காத நாட்களும் வரும். கம்பனியின் தவணையோ மாதந்தோறும் ஒரே தொகை. நல்ல மாத வருவாயைக் கொண்டு தவணையைத் தீர்மானித்தவர்களே பெரும்பாலும் இடர்ப்பட்டனர். மோசமான மாதத்தை அளவாகக் கொண்டால், வாங்கும் வண்டி ஒருவேளை சற்றுச் சிறியதாக அமையும், அவ்வளவே. வாங்கும் விலைக்கு மேலாக, முதல் மூன்று மாதத்துள் வரும் ரயர், பற்றரி, பிரேக் வேலைகளுக்கென ஒரு தொகையைத் தனியே வைத்துக்கொள்ளாமல் பழைய வண்டி வாங்குவது உசிதமன்று.

வாங்கிய வண்டியைப் பேணுவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. மீன் ஏற்றிய ஒவ்வொரு முறையும் பின்பெட்டியையும் அடிப்பகுதியையும் நன்னீரால் கழுவ வேண்டும். கிணற்றுநீர் உவராயிருக்கும் இடங்களில் அந்நீரால் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதாகும். முருங்கன் பக்கம் போய்வரும் நாளிலே குளத்துநீர் கிடைக்குமிடத்திற் கழுவிக்கொள்ளலாம். அப்பகுதியின் கருங்களிமண் செசியில் அப்பியிருந்தால் அதையும் அகற்ற வேண்டும். அதுவும் ஈரத்தை விடாது பிடித்து வைத்திருக்கும். கழிவு எண்ணெயை அடியிலே பூசும் பழக்கம் கரையோரத்தில் இருக்கின்றது. அது இரும்பைச் சிலகாலம் காக்கும் என்பது மெய். ஆயினும் றப்பர் பாகங்களை ஊறவைத்துக் கெடுக்கும், பிரேக்கிற் பட்டால் பிடியாது, மண்ணையும் நஞ்சாக்கும். மீன் பெட்டியின் கீழே நீரைச் சேர்க்கும் தகர விரிப்பு ஒன்றை இட்டு, அதன் மூலையிலிருந்து ஒரு றப்பர்க் குழாயை செசிக்கு வெளியே தொங்கவிட்டால், சொட்டுநீர் இரும்பிற் படாமல் நேரே கீழே இறங்கிவிடும். கதவுகளின் கீழ்விளிம்பிலே உற்பத்தியாளர் விட்டிருக்கும் சிறு வடிதுளைகள் மணலால் அடைபட்டுப்போவதுண்டு. அவற்றை மாதம் ஒருமுறை குத்தித் திறந்துவிட ஓர் ஈர்க்குப் போதும்.